வயர் போகும் வழி

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவரிலிருந்து ஹாரன் வரை எதையும் தெருவோரத்திலேயே மாட்டித் தருவார்கள். கேம்பர் வண்டியாக மாற்றிய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றுக்கு ரிவர்ஸ் சென்சாரும் கேமராவும் பொருத்துவதைப் பார்க்கப் போயிருந்தேன். வண்டி நண்பருடையது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பின்னால் இரும்பு பம்பர், சைக்கிள் ஸ்டாண்டு, கூரைக்கு ஏற ஏணி. உட்புறக் கண்ணாடியில் ஓட்டுநருக்குத் தெரிவது அலமாரி மட்டும்தான்.

ஃபிட்டரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். அவர் டிரில்லைத் தொடவில்லை. முதலில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்ததும் ஒரே கேள்வி: "சைக்கிள் ஸ்டாண்டு எப்பவும் மாட்டியேதான் இருக்குமா சார்?"

வேலையின் பாதி அந்தக் கேள்வியில் இருந்தது. சென்சார் அனுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாதது. நொடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள். எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். ஸ்டாண்டு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே சுவராகி, ரிவர்ஸ் போட்டதும் ஓயாமல் கத்தும். அதனால் நடு இரண்டு சென்சாரையும் ஸ்டாண்டின் கால்களுக்கு வெளியே தள்ளிக் குறித்தார். உயரமும் பார்க்க வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே போனால் மேடு பள்ளத்தையெல்லாம் தடையென்று சொல்லும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்து, வட்டப் பிளேடு மாட்டிய டிரில்லால் உதவிப் பையன் 22 மில்லிமீட்டர் துளைகள் போட்டான். பிளாஸ்டிக் பம்பர் என்றால் சென்சாரை அப்படியே அழுத்திவிடலாம். இரும்பு சென்சாரோடு சேர்ந்து அதிரும், இல்லாததை இருக்கிறதென்று சொல்லும். நடுவில் ரப்பர் வளையம் கட்டாயம். வெட்டிய விளிம்பில் பெயிண்ட் தொட்டு வைத்தான். கடற்கரைப் பக்கம் போகிற வண்டி, துரு அங்கேதான் தொடங்கும்.

2019 ஜூலையிலிருந்து புதிய கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயமாகிவிட்டதால், இப்போது பழைய கார்களும் இப்படி மாற்றிய வண்டிகளும்தான் அதிகம் வருகின்றன என்றார் பாய். கார் என்றால் ஓரத் தகட்டைப் பிரித்துக் கம்பளத்துக்கு அடியில் வயரைத் தள்ளிவிடலாம். இங்கே சுவரை பிளைவுட் போட்டு மூடியாயிற்று. காருக்கான கிட்டில் வந்த 6 மீட்டர் கேபிள் டேஷ்போர்டை எட்டாது; நீளமானது வாங்க வேண்டியிருந்தது. அடி வழியாகக் கொண்டுபோனால் சைலன்சர் சூடு, சுழலும் ஷாஃப்ட். பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டவே கூடாது. பாய் மேல் வழியைத் தேர்ந்தார். கூரையோர அலமாரிகளுக்குப் பின்னால், வீட்டு வயரிங்கில் குழாய்க்குள் விடும் ஸ்பிரிங்கைச் செலுத்திக் கேபிளை இழுத்தார்கள். நேரமெல்லாம் இதில்தான் போனது. பார்க்கச் சுவாரசியமில்லாத இந்த வேலைக்குத்தான் கூலி கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். துளை போடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கேமராவைப் பின்கதவுக்கு மேலே வைத்தார். படத்தின் கீழ்விளிம்பில் பம்பரின் நுனி தெரிகிற மாதிரி சாய்த்தார். அது தெரியாவிட்டால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கண் கணிக்காது. திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் கார் உயரத்துக்குப் போட்டவை. இந்த உயரத்தில் பொய் சொல்லும். கேமரா வயரில் இருந்த சின்ன வளையத்தைக் கத்தரித்ததும் கோடுகள் மறைந்தன.

ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். கியர் போட்டதும் திரை எரிந்தது. பையன் அட்டைப்பெட்டியோடு பின்னால் நின்றான், சென்சார் கத்தியது. மெல்லிய கம்பியை நீட்டினான், கண்டுகொள்ளவே இல்லை. கேமராவில் கம்பி தெளிவாகத் தெரிந்தது. "அதுக்குத்தான் ரெண்டும்," என்றார் பாய்.

கிட் விலையில் பாதிக்கு மேல் கூலியா என்று நண்பர் முனகினார். பாய் பதில் சொல்லவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து அலமாரியின் உட்பக்கம் கேபிள் போகும் வழியெங்கும் கோடு இழுத்து, "இங்க மட்டும் ஸ்குரூ போட்டுடாதீங்க சார்" என்றார்.