மூணு லிட்டர் கொடுவாள்

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். டீக்கடைக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு சின்ன யானை வண்டி. நம்பர் பிளேட்டில் எம்.பி.; மத்தியப் பிரதேசம். தொட்டிக்கு மேல் மூங்கிலை வளைத்து நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. உள்ளே தகரப் பெட்டி, சுருட்டிய ரஜாய்ப் போர்வை, கோதுமை மாவு மூட்டை. மேலே கவிழ்த்த கயிற்றுக் கட்டில். வண்டிக் கொக்கிக்கும் மரக்கிளைக்கும் நடுவே ஒரு தூளி. வீடு அவ்வளவுதான்.

வாசல் என்று சொல்லத்தக்க இடத்தில் ஒரு குழி, அதில் கரி. துருத்திக்குப் பதில் கையால் சுற்றும் புளோயர். பத்து வயதுப் பையன் சுற்றுகிறான். லாரிப் பட்டையின் துண்டு ஒன்று பழுத்துச் சிவந்ததும் அப்பன் குறடால் பிடித்துப் பட்டடையில் வைக்கிறான். அவன் உட்கார்ந்தபடி. அவன் பெண்டாட்டி நின்றபடி. இவன் சின்னச் சுத்தியால் ஓரிடத்தைத் தட்டிக் காட்ட, அவள் சம்மட்டி சரியாக அங்கேயே விழுகிறது. பேச்சே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் முழங்கை வரை வளையல் குலுங்குகிறது. முக்காடு மட்டும் நழுவுவதில்லை. அடி நின்றால் தூளியில் பிள்ளை சிணுங்குகிறது.

வண்டியில் குடியிருந்து இரும்படிக்கும் காடியா லோஹார்கள் ராஜஸ்தானில் உண்டு. 1568இல் சித்தோர்கர் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அதை மீட்கும்வரை வீடு கட்டிக் குடியிருப்பதில்லை என்று முன்னோர் சபதம் செய்ததாக அவர்கள் கதை. 1955இல் நேரு அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துப் போனார். அதற்குப் பிறகும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவர்கள் அந்த வழிதானா, தெரியாது. நான் கேட்கவில்லை.

மேல்நாடுகளில் வீட்டு வண்டியை இராத்திரி நிறுத்த வாடகை உண்டாம். கரண்டுக்கும் தண்ணீருக்கும் இணைப்பு கொடுப்பார்களாம். இங்கே டீக்கடைக்காரரின் வெங்காயக் கத்தி, தேங்காய் உடைக்கும் வெட்டுக்கத்தி இரண்டும் வண்டிக்குப் போய்ப் பளபளவென்று திரும்புகின்றன. காசு கைமாறவில்லை. கடைச் சுவரில் அவர்கள் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. பையன் குடத்தோடு கடைக் குழாய்க்கு வருகிறான். வாடகை அதுதான் போலிருக்கிறது.

மற்றதெல்லாம் காசு. பட்டை பழைய இரும்புக்கடையில் கிலோ கணக்கு, கரி மூட்டைக் கணக்கு. பால் பாக்கெட் ஒன்று வாங்கி, மூவரும் வண்டியருகிலேயே டீ போட்டுக்கொள்கிறார்கள். கடையில் ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். டீசல் லிட்டர் தொண்ணூறைத் தாண்டி வெகு நாளாயிற்று. அடுத்த ஊருக்கு நகர வேண்டுமென்றால் எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று மனசில் ஒரு கணக்கு ஓடிற்று.

அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க எண்கள். நூறு, நூத்தம்பது, இருநூறு. 'குறையாது' ஒன்றுதான் எண்ணல்லாத சொல்.

மலைக்காரப் பெரியவர் ஒருவர் கொடுவாளைக் கையில் எடுக்கிறார். மரவள்ளிக் குச்சி வெட்டவோ, வேலிக்கு முள் கழிக்கவோ. கட்டைவிரல் நகத்தைக் கூரில் வைத்துப் பார்க்கிறார். கல்லில் தட்டிக் காதருகே பிடிக்கிறார்.

"எவ்ளோம்மா?"

"நானூறு."

"எரநூத்தம்பது."

"குறையாது."

பெரியவர் யோசித்தார். பிடியை விரலால் தட்டி, வேண்டாமென்று தலையாட்டினார். "புடி நானே போட்டுக்கறேன். மலையில மரத்துக்கா பஞ்சம்?" அவளுக்குப் புரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, அப்போதுதான் அடித்து முடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுத்திருந்த பிடியில்லாத ஒன்றைக் குறடால் தூக்கிக் காட்டினான்.

"முன்னூறு" என்றாள்.

மூணு லிட்டர் டீசலும் மேலே கொஞ்சமும். நோட்டுகளை எண்ணி வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி சம்மட்டியை எடுத்தாள்.

"கவுண்டரே, பஸ்ஸு!" டீக்கடையிலிருந்து குரல்.

பெரியவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் செய்தித்தாள் பொட்டலம். பஸ் கோமுகி அணைப் பக்கம் திரும்பும்போது கேட்டார்: "முன்னூறு குடுத்தேன் தம்பி. ஜாஸ்தியா?"

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.