ராத்திரியில முழிக்கிற பேத்தி

எங்க தோட்டத்து வீட்டுல இப்ப ராத்திரி விளக்கு அணையறதே இல்லீங்க. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. பேத்தி பொறந்து இன்னையோட நாப்பத்தி மூணு நாள். பகல்ல வர்ற சொந்தபந்தம் எல்லாம் எட்டிப் பார்த்துட்டு, "தங்கமான கொழந்தைங்க, சத்தமே காணோம்"னு சொல்லிட்டுப் போறாங்க. அவங்க ராத்திரி வந்து பார்க்கணும். ஒன்பது மணிக்கு ஒரு முழிப்பு, பதினொன்றரைக்கு ஒண்ணு, ஒண்ணே முக்காலுக்கு ஒண்ணு, மூணரைக்கு ஒண்ணு, கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க பக்கம் மும்முனை கரண்ட் இப்ப ராத்திரி முறை. வாழைக்குத் தண்ணி கட்ட நானும் அதே நேரத்துலதான் எழுந்து நடமாடிட்டு இருக்கேன். மோட்டார் போடப் போறப்பவும் அழுகை, மடை திருப்பிட்டு வர்றப்பவும் அழுகை.

ஒரு கொழந்தை ராத்திரி அழுதா ஊருல ஆளுக்கொரு காரணம் வெச்சிருக்காங்க. கண்ணு பட்டுருச்சு, மொளகா சுத்திப் போடுன்னாங்க. போட்டோம். மொளகா கமறுனதுல பெரியவங்கதான் இருமிட்டுக் கெடந்தோம். உரம் விழுந்திருக்கும், சேலையில போட்டு உருட்டி எடுக்கணும்னாங்க. அதுக்கு நான் ஒத்துக்கல. கழுத்து நிக்காத கொழந்தையை உருட்டறதாவது. நாக்குல தேன் தொட்டு வைன்னாங்க. ஒரு வயசு ஆகறவரைக்கும் தேன் கூடவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க, அதனால அதுவும் இல்லை.

இதெல்லாம் வந்த வழியே போயிருச்சு. போகாம நின்னது ஒண்ணுதான். பக்கத்துத் தோட்டத்து அக்கா சொன்னது. "ஏனம்மிணி, பால் பத்துலையாட்ட இருக்குது. அதான் பிள்ளை பசியில முழிச்சுக்குது. ராத்திரிக்கு ஒரு டப்பாப் பாலைக் கரைச்சுக் குடுத்துட்டு நீ தூங்கு சாமி."

அவங்க பாசத்துலதான் சொன்னாங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நான் மோட்டாரை நிறுத்திட்டு வந்தப்ப மக திண்ணையில உக்காந்திருந்தா. பிள்ளை மடியில தூங்குது, இவ அழுதுட்டு இருக்கா. "ஏனுங்கப்பா, எனக்கு நெசமாலுமே பால் இல்லீங்களா?"ன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? ஒரு அப்பன்காரன் இதுக்கு என்ன பதில் சொல்றது? "காலையில நர்ஸம்மா வருவாங்க கண்ணு, கேட்டுக்கலாம்"னு மட்டும் சொன்னேன்.

நர்ஸம்மா மறுநா வந்தாங்க. மொதல்ல பாலைப் பத்திக் கேக்கவே இல்லை. "பாப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?"ன்னாங்க. வீட்டம்மா கொடியில காயற துணியைக் காட்டி, ஏழெட்டுத் தடவைக்குக் குறையாதுன்னா. ஆறு தடவைக்கு மேல போனாலே பால் பத்துதுன்னு அர்த்தமாம். அப்புறம் எடை போட்டாங்க. பொறந்தப்ப 2 கிலோ 900. இப்ப 3 கிலோ 950. மாசத்துக்கு அரைக் கிலோ கூடினாலே போதும்னு சொல்லிட்டு மக முகத்தைப் பார்த்தாங்க. "பால் இல்லாமயா ஒரு கிலோ ஏறுச்சு?" அந்த ஒரு கேள்விக்கே பாதி அழுகை நின்னு போச்சு.

அப்புறம் ஏன்தான் முழிக்குதுன்னு கேட்டேன். அவங்க சொன்னதுல எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன்.

இந்த வயசுல கொழந்தை ஒரு தடவைக்குக் குடிக்கறது 100 மில்லிக்கு முன்னப் பின்னதான். ஒரு டீ டம்ளர்னு வெச்சுக்கங்க. தாய்ப்பால் சீக்கிரமா செரிச்சும் போயிரும். அப்ப ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருக்கா பசிக்கத்தானே செய்யும்? ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை குடிக்கறது வழக்கம். அதுல பாதி பகல்ல நடக்குது, நமக்குத் தெரியல. மீதி ராத்திரியில நடக்குது, அதுதான் பெருசாத் தெரியுது.

இன்னொண்ணு, இருட்டுனா தூங்கணும்ங்கற கணக்கே அதுக்கு இன்னும் தெரியாது. பத்து மாசம் இருட்டுலயே இருந்த உசிரு. ராத்திரியில தூக்கத்தைக் கொண்டு வர்ற மெலடோனின்னு ஒரு சுரப்பு இருக்குதாம். அது கொழந்தைக்கு ஒழுங்கா வர ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தாய்ப்பால்லயே ராத்திரி நேரத்துல அந்தச் சரக்கு கொஞ்சம் கலந்து வருதாம். இதைக் கேட்டப்ப நான் அசந்து போயிட்டேன்.

தூக்கமும் நம்ம தூக்கம் மாதிரி கெடையாது. நமக்கு ஒரு சுத்து ஒன்றரை மணி நேரம்னா அதுக்கு ஒரு மணி நேரம்கூட வர்றதில்லை. அதுலயும் பாதி நேரம் அரைத் தூக்கம்தான். மொகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், கை காலை ஒதறும். நாம முழிச்சிருச்சுன்னு தூக்கப் போறோம். சில சமயம் கொஞ்சம் பொறுத்தா அதுவே திரும்பத் தூங்கிருதுங்க, நானே பார்த்தேன். அழுகையும் ரெண்டாவது வாரத்துல ஆரம்பிச்சு ஆறாவது வாரத்துல உச்சத்துக்குப் போய், மூணு நாலு மாசத்துல தானா அடங்குமாம். நாம இப்ப சரியா உச்சியில நிக்கறோம்.

இதையெல்லாம் கேட்டுட்டு மாட்டுச் சாளைக்குப் போனேன். எங்க வீட்டுல முப்பது வருசமா மாடு இருக்குது. கன்னைத் தாயோட விட்டா, ராத்திரி பகல்னு பார்க்காம எட்டு பத்துத் தடவை முட்டி முட்டிக் குடிக்கும். அதை யாரும் கோளாறுன்னு சொல்றதில்லை. மொசலு வளர்த்தவங்களைக் கேளுங்க, தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு தடவைதான் குட்டிகளுக்குப் பால் குடுக்கும். அது கெட்டிப் பால். மனுசப் பால்ல புரதம் நூத்துக்கு ஒரு பங்குதான், மாட்டுப் பால்ல மூணு பங்குக்கு மேல. கன்னு பொறந்த ஒரு மணி நேரத்துல எழுந்து நிக்கணும், அதுக்கு அந்தப் பால். நம்ம பிள்ளை மெதுவா வளரணும், தாயை ஒட்டியே கெடக்கணும், அதுக்கு இந்தப் பால்.

அப்புறம் டப்பாப் பால் சங்கதி. ஒரு நேரம் கறவையைத் தவற விட்டா என்ன ஆகும்னு பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு என்னையவிட நல்லாத் தெரியும். மடியில பால் தங்குனா சுரப்பு குறையும். கறக்கக் கறக்கத்தான் ஊறும். மனுசிக்கும் அதே கணக்குதான். ராத்திரி நேரத்துலதான் பால் ஊற வைக்கிற புரோலாக்டின் தாய் உடம்புல ஜாஸ்தியா இருக்குமாம். அந்த நேரத்துல பாட்டிலைக் குடுத்தா, நாலு நாள்ல நெசமாவே பால் குறையும். அப்ப "நான் சொல்லல?"ன்னு கேப்பாங்க. மாட்டுக்கு இவ்வளவு வெவரமா நடந்துக்கற ஊரு, பெத்த பொண்ணுன்னு வந்தா மட்டும் ஏன் தடுமாறுதுன்னு எனக்கு வெளங்கல. டாக்டர் பார்த்து, எடை ஏறலைன்னு சொல்லிக் குடுக்கச் சொன்னா அது வேற.

நர்ஸம்மா கெளம்பறப்ப இன்னொண்ணும் சொன்னாங்க. முழிக்கிற பிள்ளையை நெனச்சுப் பயப்பட வேண்டாம். எழுப்புனாலும் எழாம, பால் குடிக்காம, தொவண்டு கெடந்தாலோ, மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சாலோ விடியறவரைக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு வந்திரணும். படுக்க வைக்கறப்ப மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும்.

எல்லாம் சரி, மக தூங்கறது எப்ப? காரணம் புரிஞ்சதால கண்ணெரிச்சல் போயிராது. அவளுக்கு ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கி நாப்பது நாளாச்சு. அதனால வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கற மாதிரி வீட்டுலயும் ஒரு முறை வெச்சோம். பால் குடுக்கறது மட்டும் அவ வேலை. குடுத்ததும் அவ படுத்துக்கணும். பதினொன்றரைக்கு வீட்டம்மா வாங்கித் தோள்ல போட்டு ஏப்பம் விட வெச்சு, துணி மாத்திப் படுக்க வைப்பா. ஒண்ணே முக்காலுக்கு நான், எப்படியும் மோட்டாருக்கு முழிச்சிருக்கறவன்தானே. சேத்துக் கையை நல்லாக் கழுவிட்டு வாங்கிக்குவேன். பகல்ல பிள்ளை தூங்கறப்ப மகளும் தூங்கணும், பார்க்க வர்றவங்க திண்ணையிலயே காபி குடிச்சுட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன். ரெண்டொரு பேருக்கு வருத்தம்தான்.

தோள்ல போட்டுட்டு வாசல்ல நாலு நடை நடந்தா ஏப்பம் வந்திருது. நடை நின்னா சிணுங்கறா, நடந்தா அடங்கிடறா. வயித்துக்குள்ள இருந்தப்ப ஆத்தாக்காரி நடந்த நடை பழகிப் போயிருக்கும்போல.

மாப்பிள்ளைக்குத் திருப்பூர் கம்பெனி வேலை. வர்ற சனிக்கிழமை வந்து ரெண்டு நாள் தங்கறாராம். மூணாவது மாசம் மகளையும் பிள்ளையையும் அங்க அனுப்பணும். அங்க போனா ராத்திரிக்கு அவரு ஒருத்தர்தான். ஒண்ணே முக்கால் முறையை அந்த ரெண்டு நாளும் அவருக்கு விட்டுக் குடுத்திரலாம்னு இருக்கேன்.