கொடியும் கோடியும்

மடிக்கணினி வாங்கப் போனால் கடையில் முதலில் சொல்லப்படுவது அங்குலக் கணக்கு. 15.6 அங்குலம் என்றால் பெரியது, 14 என்றால் சிறியது. திரை வாசிக்கத் தக்கதா என்பதை யாரும் சொல்வதில்லை.

யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய எங்களுக்கு இது சின்ன விடயமல்ல. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் எங்களை வெளியேற்றியபோது, சோனகத் தெரு வீடுகளின் அலுமாரிகளில் இருந்த கிதாபுகளையும் மலர்களையும் யாரால் சுமந்திருக்க முடியும்? தாளில் இழந்தவற்றுள் சிலவற்றையேனும் இன்று திரையில்தான் தேட வேண்டியிருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் போன்ற முயற்சிகள் பழைய பக்கங்களைப் படமாக்கித் தருகின்றன. படமாக இருப்பதால் எழுத்துருவை மாற்றிக்கொள்ள வழியில்லை. திரை காட்டுவதே எழுத்து.

15.6 அங்குலத் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் இருந்தால் ஓர் அங்குலத்திற்குச் சுமார் 100 புள்ளிகள் கிடைக்கும். அதே அளவுத் திரையில் 1920க்கு 1080 என்றால் 141. முதலாவது திரையில் முப்பது வரிப் பக்கமொன்றை முழுதாகக் காட்டினால், மேல்கீழ்ப் பட்டைகள் போக, ஒரு வரிக்கு இருபது புள்ளிகளே மிஞ்சும். வரி இடைவெளியும், மேலே விசிறியும், கீழே உகரச் சுழியும் அதற்குள்தான். ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொள்ள, மணம் மனமாகிறது. கொம்பின் சுழி அடைபட, கொடி கோடியாகிறது. அறபுத் தமிழில் நிலைமை இன்னும் மோசம். தமிழ் ஒலிகளுக்காக அறபு எழுத்துகளில் கூட்டிய புள்ளிகளே அங்கு எழுத்தின் அடையாளம். அவை மங்கினால் சொல்லே மாறிவிடும்.

எண்பதைத் தாண்டிய வாப்பா பழைய மீலாத் மலரொன்றில் தன் கூட்டாளிமாரின் பெயர்களைத் தேடினார். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. சிறிதாக்கினால் எழுத்து கரைந்தது. படத்தை 90 பாகை திருப்பி, கணினியையும் பக்கவாட்டில் கிதாபு விரித்ததுபோல் நிறுத்தி வைத்தேன். பக்கம் முழுதாக, அச்சைவிடச் சற்றுப் பெரிதாக நின்றது. "இவன் நம்மட தெருவான்" என்று ஒரு பெயரில் விரலை வைத்தார்.

வாசிப்புக்காக வாங்குவோர் அங்குலத்தைவிடப் புள்ளியடர்த்தியையும் திரையின் உயரத்தையும் பாருங்கள். அகலம் ஒன்றேயானால், 16க்கு 9 திரையைவிட 16க்கு 10 திரை உயரம் கூடியது, புத்தகப் பக்கத்துக்கு நெருக்கமானது. எங்கள் ஊர் வெயிலில் விறாந்தையில் இருந்து வாசிக்க, பளபளப்பில்லாத திரையே உதவும். கடையிலேயே பழைய பக்கமொன்றைத் திறந்து, கொடியா கோடியா என்று தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் எத்தனை அங்குலமானாலும் அது நமக்கான திரையல்ல.