விடை சரி, மதிப்பெண் எங்கே?



"தொடக்கப்பள்ளியில் இடுபணி, குழுப்பணி, படைப்பு என்று எதை எதையோ மதிப்பிடுகிறீர்கள். பல்கலைக்கழகத்திற்குப் போனால் எப்படியும் தேர்வுதானே, டீச்சர்?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டதிலிருந்து இக்கேள்வி இன்னும் அடிக்கடி வருகிறது. சென்ற 2025-ஆம் ஆண்டின் முற்பாதியில் என் அக்காள் மகள் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு பாடம் இதற்குப் பெரும்பகுதி விடை சொல்லிவிட்டது. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

அவள் நம் தமிழ்ப்பள்ளி மாணவி. 2015-இல் யுபிஎஸ்ஆரில் 7ஏ பெற்றவள். இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் ஆற்றல் நிலைத்தன்மை என்னும் மூன்று மணிக்கூற்றுப் பாடத்தை எடுத்தாள். நம் நாட்டுக் கணக்கில் ஒரு மணிக்கூறு என்பது மாணவர் நாற்பது மணி நேரம் உழைப்பதற்குச் சமம். ஆக, நூற்று இருபது மணி நேர உழைப்பு. அதற்கான மதிப்பெண் பங்கீடு இவ்வாறு இருந்தது: புதிர்த்தேர்வுகளுக்கு 10, தனியாள் இடுபணிக்கு 10, குழுவாகச் செய்யும் ஆற்றல் தணிக்கைக்கு 30, படைத்தலுக்கு 10, இறுதித் தேர்வுக்கு 40. பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானதிலிருந்து, பட்டதாரி எதைச் செய்ய வல்லவர் என்பதைக் காட்டும்படி மதிப்பிட வேண்டும் என்ற நெருக்குதல் பொறியியல் துறைகளில் உண்டு. பங்கீடு இப்படி அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வந்தது தனியாள் இடுபணி: 'உன் வீட்டின் ஒரு வார ஆற்றல் கணக்கை எழுது.' விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் மின்மானியைப் பார்த்துக் குறித்தாள். "மீட்டரைப் பார்க்கத்தான் பல்கலைக்கழகம் அனுப்பினோமா?" என்று என் அக்காள் கடிந்துகொண்டார். ஏழு நாள்களில் 84 அலகுகள். நாளொன்றுக்கு 12, மாதத்திற்கு 360. அப்போது நடப்பிலிருந்த கட்டணப்படி முதல் 200 அலகுகளுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், எஞ்சிய 60-க்கு 51.6 சென். பிற கட்டணங்கள் நீங்கலாக 107 ரிங்கிட் 96 சென். ஓர் அலகு மின்சாரத்திற்குத் தோராயமாக முக்கால் கிலோ கரிவளி எனக் கொண்டு, மாதத்திற்கு 270 கிலோ என்றும் எழுதினாள். பெருக்கலிலும் கூட்டலிலும் ஒரு பிழையும் இல்லை. பத்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்திருந்தார்கள்.

"சித்தி, விடையெல்லாம் சரி. மதிப்பெண் மட்டும் எங்கே போயிற்று?" என்று தொலைபேசியில் கேட்டாள். அழவில்லை என்றாலும் குரல் இறங்கியிருந்தது. முதல்தரப் பட்டம் பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிடிபிடிஎன் கல்விக் கடனிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்பதை நம்பியிருக்கும் குடும்பம் அது. அங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பணமதிப்பு உண்டு.

விரிவுரையாளர் எழுதியிருந்த குறிப்புகளை எனக்கு அனுப்பினாள். மூன்றே கேள்விகள். நீ அளந்த வாரம் மற்ற வாரங்களைப் போன்றதுதான் என்று எப்படித் தெரியும்? நீயே விடுமுறைக்கு வந்து இரவெல்லாம் குளிரூட்டி போட்டிருந்தால், அதனால் கூடிய அலகுகள் எத்தனை? ஆற்றல் என்றால் மின்சாரம் மட்டுமா?

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் நானே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒன்பது அலகு ஆற்றல் உண்டு. என் அத்தான் வேலைக்குச் சென்றுவர வாரத்திற்கு முப்பது லிட்டர் ஊற்றுகிறார். அது மட்டும் 270 அலகுகள். வீட்டு விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி அனைத்தும் சேர்ந்து 84. மின்மானியை எத்தனை முறை பார்த்தாலும் அந்த வீட்டின் பெரிய செலவு அதில் தெரியாது! 2016-இல் மறைந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டேவிட் மெக்காய், கார், விமானம், உணவு, விளக்கு அனைத்தையும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை அலகு என்ற ஒரே அளவையில் வைத்து ஒப்பிட்டு நூலெழுதினார். அதை இணையத்தில் இலவசமாகவும் வைத்தார். அந்த ஒப்பீட்டைத்தான் இடுபணி எதிர்பார்த்தது. பெருக்கல் வாய்பாட்டுக்கு ஐந்து, எதைப் பெருக்க வேண்டும் என்று சிந்திப்பதற்கு ஐந்து. பங்கீடு நியாயம் என்றே எனக்குப் பட்டது. அவளிடமும் அப்படியே சொன்னேன். அன்று என்மேல் அவளுக்குச் சற்று வருத்தம்.

இறுதித் தேர்வில் வந்த ஒரு கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சரவாக்கின் பாக்குன் அணையைப் பற்றியது அது. பாலுய் ஆற்றில் கட்டப்பட்டு 2011-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய அவ்வணையின் திறன் 2,400 மெகாவாட். அதன் நீர்த்தேக்கம் ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு பரந்தது. அதற்காக ஏறத்தாழ பத்தாயிரம் பழங்குடி மக்கள் 1990-களின் இறுதியில் சுங்கை ஆசாப் பகுதியில் மறுகுடியமர்த்தப்பட்டனர். கேள்வி இதுதான்: இது புதுப்பிக்கத்தக்க ஆற்றல், நிலைத்தன்மை உடையதா?

நம் வகுப்பறையில் நீர்மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது, ஆகவே நல்லது என்று எழுதினால் முழு மதிப்பெண். பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே அது கடைசிப் படி. ஒரு மாணவர் 'நீர் தீராது, புகை வராது' என்று ஒரு காரணம் மட்டும் சொன்னால் கீழ்நிலை. காடு மூழ்கியது, மக்கள் இடம்பெயர்ந்தனர், மின்சாரம் கிடைத்தது எனப் பல செய்திகளை வரிசையாக அடுக்கினால் அடுத்த நிலை. அச்செய்திகளை ஒன்றோடொன்று பிணைத்து, மூழ்கிய காட்டின் அழுகலிலிருந்து எழும் மீத்தேன் கரிவளிக் கணக்கை எப்படி மாற்றும், மின்சாரத்தைப் பயன்படுத்துபவர் யார், இடத்தை இழந்தவர் யார் என்று காட்டினால் அதற்கும் மேல்நிலை. அங்கிருந்து பொதுவான ஓர் அளவுகோலை எடுத்து, உட்பகுதி நீண்ட வீடுகளுக்கு 2016 முதல் சூரியத் தகடும் மின்கலமும் கொண்டுபோகும் சரவாக் அரசின் சாரஸ் திட்டத்தோடு ஒப்பிட்டால் உச்சநிலை. பிக்சும் கொல்லிசும் 1982-இல் வகுத்த சோலோ வகைப்பாடு என்று பயிற்சிக் கழகத்தில் நாம் மனப்பாடம் செய்தோமே, அதுவேதான். அதைத் தேர்வுக்காகப் படித்தவர்கள் நாம். தேர்வுத்தாள் திருத்தப் பயன்படுத்துகிறார்கள் அவர்கள்!

இக்கேள்விக்கு 'ஆம்' என்றவருக்கும் 'இல்லை' என்றவருக்கும் உயர்ந்த மதிப்பெண் கிடைத்திருக்கிறது. விடைப்பட்டியலில் சரியான விடை என்று ஒன்று இல்லாத தேர்வை என் அக்காளுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சகமாணவர் மதிப்பீட்டைப் பற்றி மட்டும் எனக்கு ஐயம் உண்டு. குழுத் தணிக்கைக்கான முப்பது மதிப்பெண் அப்படியே எல்லாருக்கும் போவதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண் இடுவர். ஒருவர் பெற்ற சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்து, வரும் எண்ணால் குழுவின் மதிப்பெண்ணைப் பெருக்குவர். குழுவுக்கு 24 கிடைத்து, நால்வரின் சராசரிகள் 4.5, 4.3, 4.0, 3.2 என்றிருந்தால், குழுச் சராசரி 4. முதலாமவருக்கு 27, கடைசியானவருக்கு 19.2. சோம்பியிருப்பவரைப் பிடிக்க நல்ல வலைதான்.

என் அக்காள் மகளின் குழுவில் நடந்தது வேறு. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் விளக்குகளை எண்ணியதும், பழைய குழல்விளக்குக்குப் பதில் எல்இடி போட்டால் மிஞ்சுவதைக் கணக்கிட்டதும், இரவு எட்டு மணிக்குச் சென்று வெற்று அறைகளில் ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டிகளைக் குறித்துவந்ததும் பெரும்பாலும் அவளும் இன்னொரு மாணவியும். அறிக்கையை வேறொருவர் அழகுபடுத்தினார். நான்காமவர் கூட்டத்திற்கு வருவதே அரிது. மதிப்பிடும் நாளில் நால்வரும் நால்வருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டனர். எல்லாருக்கும் 24. "குறைத்துப் போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும், சித்தி. இன்னும் ஓராண்டு ஒரே வகுப்பில் உட்கார வேண்டுமே!" என்றாள்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர் முன்னால் குறை சொல்லாதே, நண்பனைக் காட்டிக்கொடுக்காதே என்று பன்னிரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் 'தோழனை நேர்மையாக மதிப்பிடு; அதற்கும் மதிப்பெண் உண்டு' என்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஆர்னிம் வீக்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2011-இல் நிலைத்தன்மைக் கல்விக்கு வேண்டிய ஐந்து திறன்களை வகுத்தபோது, பிறரோடு இணைந்து செயலாற்றும் திறனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். வைத்தது சரியே. ஆனால் அதைக் கற்பிக்காமல் அளக்க முற்படுவது எனக்கு உடன்பாடில்லை. மதிப்பீட்டுக்கு முன் ஒரு முறையேனும், மதிப்பெண் இல்லாமல், 'உன் வேலையில் எனக்கு இது போதவில்லை' என்று முகம் பார்த்துச் சொல்லும் பயிற்சியைக் கொடுத்திருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிய பிறகு அறிக்கையை மட்டும் நம்ப முடியாத நிலை. ஆகவே படைத்தலின் முடிவில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார் விரிவுரையாளர். நான்காமவர் அங்கே அகப்பட்டுக்கொண்டார். முன்பெல்லாம் கடைப்பலகையில் உட்காரவைத்துத் திருக்குறள் ஒப்பிக்கச் சொல்லும் பாட்டனார்களை நினைத்துக்கொண்டேன்.

இறுதியில் அப்பாடத்தில் அவளுக்கு ஏ-கழித்தல் கிடைத்தது. முழு ஏ-க்கு இரண்டு மதிப்பெண் குறைவு. குழுப் பணியில் இழந்ததாக அவள் கருதும் மூன்றும், இடுபணியில் போன ஐந்தும் அவளுக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முதல்தரம் கிட்டுமா என்பது எஞ்சியிருக்கும் பருவங்களைப் பொறுத்தது.

இதையெல்லாம் கேட்ட பின்பு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கும் ஒரு வாரம் வீட்டு மின்மானியைப் பார்த்து எழுதும் பணியைக் கொடுத்தேன். வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள் இருக்கின்றன அல்லவா? எண்களைச் சரியாகக் குறித்தவர்களுக்கு மூன்று. எந்த நாளில் கூடியது என்று கண்டவர்களுக்கு நான்கு. ஏன் கூடியது என்று காரணம் எழுதியவர்களுக்கு ஐந்து. இது என் வகுப்புக்காக நானே அமைத்துக்கொண்ட படிக்கட்டு. அப்படியே எடுத்தாள வேண்டும் என்பதில்லை. பெரும்பாலோர் மூன்றிலும் நான்கிலும் நின்றனர். ஒரு மாணவி ஞாயிற்றுக்கிழமை கூடியதற்குப் 'பாட்டி வந்திருந்தார், அவருக்கு வெக்கை தாங்காது' என்று எழுதியிருந்தாள். ஐந்து.

ஒரு மாணவன் மட்டும் யாரும் சொல்லாமலேயே இரவு படுக்கும் முன்பும் காலையில் எழுந்ததும் மின்மானியைப் பார்த்திருக்கிறான். 'நாங்கள் எல்லாரும் தூங்கும்போதும் மூன்று அலகு ஓடியிருக்கிறது. விசிறிகளுக்கு ஒன்று என்று வைத்தாலும் இரண்டு மிச்சம். குளிர்பதனப் பெட்டி என்று நினைக்கிறேன். ஆனால் நிச்சயமாகத் தெரியாது, ஏனென்றால் அதை அணைத்துப் பார்க்க அம்மா விடவில்லை' என்பது அவன் எழுதியது. ஆறு கொடுத்தேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் அவன் தந்தையார் வந்தார். "ஆறு என்றால் நூற்றுக்கு எத்தனை, டீச்சர்?" என்று கேட்டார். மகன் எழுதிய தாளை அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். பிறகு மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பெட்டி கல்யாணத்துக்கு வாங்கியது, டீச்சர். கதவு ரப்பர் போய் நாளாகிறது. ஓர் இரவு அணைத்துவிட்டுப் பார்த்தால், அவன் எழுதியது சரியா என்று தெரிந்துவிடும் அல்லவா?" என்றார்.