கள்வர் பறிக்காத மாணிக்கம்

சகோதரிகளே, இரத்தினபுரியிலிருந்து றப்பர், தேயிலைத் தோட்டங்களைக் கடந்து போனால், நாம் பாவா ஆதம் மலை என்றழைக்கும் சிவனொளிபாத மலை தெரியும். வழியில் வயல்களுக்கிடையே மாணிக்கக் குழிகளையும் காண்பீர்கள்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, கடலிலிருந்தே இம்மலையைப் புகைத்தூண் போலக் கண்டார். புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தி மன்னர் அவரை உபசரித்து, முத்தும் மாணிக்கமும் அன்பளித்து, பல்லக்கில் மலைக்கு அனுப்பி வைத்தார்.

அக்காலக் கப்பல்களின் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைப்பார்கள். பாறையில் மோதினாலும் கயிறு நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த கப்பலோ உடைந்துவிடும் என்கிறார் அவர்.

பின்னர் தமிழகம் சென்று, கொல்லத்திலிருந்து வடக்கே போகையில், கொள்ளையரின் 12 கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. இலங்கை மன்னர் தந்த மணிகள், உடைகள், சேமிப்பு யாவும் பறிபோயின. காற்சட்டை ஒன்றே மிச்சம்! கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் ஒதுங்கியவருக்கு மார்க்க அறிஞர் ஒருவர் ஆடையும், காழி தலைப்பாகையும் அனுப்பினார்கள்.

மணிகள் போயின, கண்ட காட்சிகள் போகவில்லை. தாயகம் திரும்பி, இப்னு ஜுஸையிடம் சொல்லி எழுதுவித்தார். 1355இல் நிறைவுற்ற அந்த 'ரிஹ்லா'வில், மலையேறப் பிடிக்கும் சங்கிலிகளும், நம் நாட்டுப் பெண்கள் அணிந்த மாணிக்க மாலைகளும் இன்றும் இருக்கின்றன.

உங்கள் பிள்ளைகள் கடற்கொள்ளையர் கதை கேட்டு அடம்பிடிக்கிறார்களா? இதைச் சொல்லுங்கள். பின் ஒரு கொப்பியைக் கொடுத்து, அந்தக் கப்பலை வரையவும் கதையை எழுதவும் விடுங்கள். பெட்டியிலுள்ள மணியைக் கள்வர் கொண்டு போகலாம். எழுதி வைத்தது நிலைக்கும்.