மௌனமும் ஒரு செய்தி

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் அது பொருந்தலாம். இயந்திரங்களின் உலகில் பொருந்தாது. இதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஒரு மழைக்கால மாலையில் முழங்கால் நனையக் கற்றுக்கொண்டேன்.

நம் களமசேரிக்கு அடுத்துள்ள ஏலூர், பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவு. தொழிற்சாலைகள் மலிந்த ஊர். அங்கே ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். பெயர் எதற்கு? ஆற்றங்கரையில் பம்ப் அறை. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உயரமான நீர்த்தொட்டி. நடுவே சாலைகளும் பிறர் நிலங்களும் கிடந்ததால் கம்பி இழுக்க வழியில்லை. ஆகவே இரு முனைகளிலும் ரேடியோ மோடம் வைத்தார்கள். அவற்றுக்கு அமைப்புகள் இடும் வேலை எனக்கு வந்தது.

865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை, விதித்த வலிமைக்கு உட்பட்ட கருவிகள் நம் நாட்டில் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தேன். இரு பெட்டிகளுக்கும் அலைவரிசை ஒன்று, வலைப்பின்னல் எண் ஒன்று. நிலைய எண் மட்டும் வெவ்வேறு. காற்றில் செய்தி செல்லும் வேகத்தைக் கூட்டினால் எட்டும் தூரம் குறையும். தொட்டியின் நீர்மட்டம் என்பது சில எண்களே. அதற்கு ஏன் அவசரம்? வேகத்தைக் குறைத்தேன். பம்ப் அறைப் பெட்டி கேட்கும், தொட்டிப் பெட்டி பதில் சொல்லும். மட்டம் குறைந்தால் பம்ப் ஓடும், நிறைந்தால் நிற்கும். எல்லாம் சரியாக நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அமைப்புகளின் கடைசியில் ஒரு வரி இருந்தது. தொடர்பு அறுந்தால் என்ன செய்வது? கடைசி நிலையிலேயே தொடர்வதா, நிறுத்துவதா? பெட்டி வந்தபோதே முதல் விடை குறித்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. அறுந்தால்தானே அந்தக் கவலை!

இடவப்பாதி மழை தொடங்கிய வாரம். தொட்டியின் மேலிருந்த ஆன்டெனா இணைப்பில் நீர் புகுந்தது. தொட்டிப் பெட்டி வாயடைத்துப்போனது. அதன் கடைசிச் சொல், ‘பாதிதான் இருக்கிறது’ என்பது. அதையே வேதவாக்காகக் கொண்டு பம்ப் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

“மோனே, வெள்ளம்! வெள்ளம்!” என்று பம்ப் ஆபரேட்டர் சேட்டன் கத்தினார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கக் கேட்கிறார் என்றெண்ணி என் பாட்டிலை நீட்டினேன். அவரோ தம் கைப்பேசியைக் காட்டினார். தொட்டிக்குக் கீழுள்ள கிடங்கிலிருந்து யாரோ அனுப்பிய படம். அன்று அது தமிழ் வெள்ளமாகவே இருந்தது! அவர் கையாலேயே பம்ப்பை நிறுத்தினார். இருவரும் ஓடினோம். கிடங்கில் மூட்டைகள் நனைந்து கிடந்தன.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சேட்டன் திட்டவில்லை. முன்பெல்லாம் தொட்டியடியில் ஒரு காவலர் இருந்தாராம்; மணிக்கொருமுறை தொலைபேசியில் மட்டம் சொல்வாராம். “விளி வந்தில்லெங்கில் ஞான் சைக்கிளெடுத்துப் போயி நோக்கும்” என்றார். அழைப்பு வராவிட்டால் அவர் போய்ப் பார்ப்பார். அவருக்கு மௌனமும் ஒரு செய்தி. அவருடைய அந்தச் சந்தேகத்தைத்தான் நான் பெட்டியில் வைக்க மறந்திருந்தேன்.

நம் பல்கலைக்கழகம் பிறந்த 1971ஆம் ஆண்டில்தான் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சனும் அவருடைய தோழர்களும் கணிப்பொறிகளை ரேடியோவால் இணைத்த ‘அலோகா’ வலைப்பின்னல் இயங்கத் தொடங்கியது. அதில் செய்தி அனுப்பியவர் ஒப்புகைக்குக் காத்திருப்பார். ஒப்புகை வராவிட்டால், ‘போய்ச் சேரவில்லை’ என்றே கொண்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புவார். சேட்டனின் சைக்கிளும் அந்த வலைப்பின்னலும் ஒரே அறத்தைக் கடைப்பிடித்தன!

மறுநாள் அந்த வரியை மாற்றினேன். மூன்று முறை கேட்டும் பதிலில்லையானால் மணி அடிக்கும், பம்ப் நிற்கும். ஆனால் இம்முறை தனியே முடிவு செய்யவில்லை. “நிறுத்துவது சரிதானா?” என்று சேட்டனைக் கேட்டேன். இதுவே தீயணைப்புக்கான தொட்டியாக இருந்தால் நிறுத்தலாகாது, நிரம்பி வழிந்தாலும் குற்றமில்லை என்றார் அவர். ஒரே மௌனத்துக்கு இடத்துக்கு இடம் பொருள் வேறு. அதைப் பெட்டி அறியாது. தண்ணீரோடு வாழ்ந்தவர் அறிவார்.

நண்பர்களே, அலைவரிசையையும் வேகத்தையும் கையேடு பார்த்து யாரும் நிரப்பிவிடலாம். அந்தக் கடைசி வரிக்கு வரும்போது மட்டும் எழுந்து போய், அங்கே வேலை செய்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். அதைக் கேட்காமல் விட்டதற்கு நான் அரை நாள் மூட்டை சுமந்தேன்.