வாடகை வீடும் ஓர் அமானத்தே



பூலாம்பாடியில் மார்கழிக் குளிர் பச்சைமலைப் பக்கமிருந்து இறங்கி வரும். சுபுஹுக்கு உளூச் செய்யக் குளிர்ந்த நீரில் கை வைக்கவே தயங்கும் நாட்கள் அவை. நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் குளியலறையில் கேஸ் கீசர் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. மலேசியாவில் பணிபுரியும் வீட்டு உரிமையாளர் தம் பெற்றோருக்காக வைத்தது. அதன் சிலிண்டரும் குளியலறைக்குள்ளேயே, கீசருக்குக் கீழே இருந்தது. குடிவந்த நாளில் அதில் குறையேதும் தென்படவில்லை. அதை ஓர் அருளாகவே எண்ணினோம்.

ஒரு நாள் என் மனைவி, "என்னங்க, கொல்லைப் பக்கம் கேஸ் வாடை வருது" என்றார். சாக்கடை நாற்றமாக இருக்கும் என்றேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் சொன்னார். அப்போது எனக்கும் தெரிந்தது. ஆயினும் உரிமையாளரிடம் சொல்ல நா எழவில்லை. மதரஸா ஆசிரியர் என்பதற்காக வாடகையைக் குறைத்துக் கொடுத்தவர் அவர். அவரிடம் போய்ப் பழுது சொல்லிச் செலவு வைப்பதா? "கொஞ்சம் சபூர் செய்வோம்" என்று மனைவியிடம் கூறினேன். ஏறக்குறைய பத்து நாட்கள் இப்படியே கழிந்தன.

ஒரு நாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்து குளியலறைக் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அறைந்தது. முந்தைய இரவு ரெகுலேட்டரை மூட மறந்திருந்தோம். என் கை வழக்கம்போல் விளக்கின் சுவிட்சுக்குப் போனது. "சுவிட்சைப் போடாதீங்க!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினார். கையை இழுத்துக்கொண்டேன். அதே கணத்தில் மதிலுக்கு அப்பால் சுள்ளி ஒடிக்கும் ஓசை கேட்டது. அடுத்த வீட்டு மூதாட்டி வெந்நீருக்காகக் கொல்லையில் விறகடுப்பு மூட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலையாமல் தரையோடு படிந்து, பள்ளம் நோக்கி நகரும். எங்கள் குளியலறையின் நீர் வெளியேறும் துவாரமோ அவர் கொல்லைப் பக்கம் திறந்திருந்தது. இருட்டில் தடவி ரெகுலேட்டரை மூடினேன். மனைவி சன்னல்களையும் கதவுகளையும் திறந்தார். நான் மதிலருகே ஓடி, "பாட்டி, அடுப்பைப் பத்த வைக்காதீங்க, கேஸ் கசியுது" என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் ஒலிக்கிறது: "ரெண்டு நாளா எனக்கும் அந்த வாடை வந்துச்சு தம்பி. உங்க வீட்டுச் சங்கதின்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

நானும் கூச்சப்பட்டேன், அவரும் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்திற்கு நான் சபூர் என்று பெயர் வைத்திருந்தேன். மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றிய செய்தி எட்டியபோது, நெருப்பு உங்கள் பகை, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைப் புகாரி, முஸ்லிம் இரு நூல்களும் அறிவிக்கின்றன. பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்திய ஹதீஸ் அது. அண்டை வீட்டாரின் ஹக்கு பற்றியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். தவிர்க்க இயலாத துன்பத்தில் பொறுத்திருப்பதே சபூர். ஒரு தொலைபேசி அழைப்பில் நீங்கக்கூடிய ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது அலட்சியம்.

எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. வெளியே தெருவுக்கு வந்து அதை அழைத்தோம். வந்த பணியாளர் சோப்பு நீரைத் தடவிப் பார்த்தார். கீசரில் குழாய் சேரும் இடத்தில் குமிழிகள் எழுந்தன. குழாயின்மேல் அச்சிட்டிருந்த ஆண்டு கடந்து போயிருந்தது. ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்றார். பிறகு அவர் கூறியது என்னை மேலும் நடுங்கச் செய்தது. எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் என்னும் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் மூடிய குளியலறையில் கீசர் எரியும்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. "கீசரையும் சிலிண்டரையும் காத்தோட்டமா வெளியே வையுங்க" என்றார்.

அன்றே உரிமையாளரை அழைத்தேன். தயங்கித் தயங்கி விவரம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "பத்து நாளா ஏன் ஹஜ்ரத் சொல்லல? உங்களை நம்பித்தானே வீட்டை விட்டிருக்கேன்" என்றார். வெட்கத்தால் தலை குனிந்தேன். வாடகைப் பொருள் குடியிருப்பவர் கையில் அமானத் என்பது ஃபிக்ஹின் விதி. கெடுதியை அறிந்தும் மறைப்பது அந்த அமானத்துக்குச் செய்யும் குறை.

செலவு யாருடையது? உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லாவின் 529ஆம் பிரிவு, வீட்டின் பழுதைச் சீர்செய்வது உரிமையாளர் பொறுப்பு என்கிறது. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யலாம். உரிமையாளரைக் கேளாமல் தாமாகவே செய்துகொண்டால் அது நன்கொடை. பணத்தைத் திரும்பக் கேட்க இயலாது. ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குழாய்களை மாற்றுவதை உரிமையாளரிடமும் கீசர் பழுதைக் குடியிருப்பவரிடமும் விடுகிறது. இரண்டையும் அறிந்தபின் ஒன்று விளங்கியது: குடிவரும் நாளிலேயே இதைப் பேசி எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி. நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. இருந்தும் சச்சரவு எழவில்லை. குழாய்க்கு நான் கொடுத்தேன். கீசரை வெளிச்சுவருக்கு மாற்றும் செலவை அவர் ஏற்றார், அல்ஹம்துலில்லாஹ்.

சகோதர சகோதரிகளே, இன்றே உங்கள் வீட்டுக் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடுங்கள். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுத்த வீட்டாருக்கும் உடனே சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர் ஒருமுறை சொன்னால் முதல் முறையிலேயே செவி கொடுங்கள். என் மனைவியின் சொல்லைப் பத்து நாள் தள்ளிப்போட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அல்லாஹு தஆலா நம் இல்லங்களையும் அண்டை வீட்டார் இல்லங்களையும் தீயிலிருந்து காப்பானாக. ஆமீன்.